பங்கு யாருடையது? பெயர் யாருடையது?

கடந்த பருவ விடுமுறையின்போது கிள்ளானில் உள்ள என் சித்தி வீட்டுக்குச் சென்றிருந்தேன். பத்தொன்பது வயதான என் தங்கை, அதாவது சித்தியின் மகள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டாள்.

“அக்கா, நீ கணக்கியல்தானே படிக்கிற? அப்பாவோட கூட்டாளி ஒரு அங்கிள் இருக்காரு இல்ல, அவரு என் பேர்ல சிடிஎஸ் கணக்குத் திறக்கச் சொல்றாரு. புதுசா கம்பெனி பங்கு வெளியாகும்போதெல்லாம் என் பேர்ல விண்ணப்பம் போடுவாராம். காசெல்லாம் அவரோடது. பங்கு கிடைச்சா எனக்கு 200 ரிங்கிட் தர்றேங்கிறாரு. பேரு மட்டும்தானே கேக்குறாரு, கொடுத்தா என்ன?”

“அது தப்புமா” என்று உடனே சொல்லிவிட்டேன். “ஏன் தப்பு?” என்று அவள் திருப்பிக் கேட்டபோதுதான் தடுமாறினேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவள் நான். ஆனால் கணக்கும் வணிகமும் இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் வந்தன. சட்டம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் வந்தது. “பெனிஃபிஷியல் ஓனர்”, “பெமிலிக் பெனெஃபிசியல்” என்றெல்லாம் அடுக்கினேன். அவள் விழித்தாள். மூலையில் நாற்காலியில் அமர்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, “என்னாடி, பினாமியா?” என்றார்.

ஒரே சொல்லில் பாட்டி முடித்துவிட்டார். ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத்தான் நம் மக்கள் காலங்காலமாகப் பினாமி என்கிறார்கள். நிலத்திலும் வீட்டிலும் நாம் அறிந்த அந்தச் சங்கதி, நவீன மூலதனச் சந்தையில் என்ன உருவத்தில் வருகிறது? பங்குச் சட்டங்கள் ஏன் பெயரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகின்றன? இக்கேள்விகளுக்கு மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் அனுபவத்தைக் கொண்டே விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காகிதம் போய்க் கணினி வந்தது

ஒரு நிறுவனத்தின் மூலதனத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்தால் அக்கூறு ஒவ்வொன்றும் ஒரு பங்கு. பங்கை வைத்திருப்பவருக்கு நிறுவனத்தின் ஆதாயத்தில் ஈவு பெறவும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கவும், விரும்பும்போது பங்கை விற்கவும் உரிமை உண்டு. இந்த உரிமையெல்லாம் யாருக்கு என்பதை எதை வைத்து முடிவு செய்வது? நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான்.

முன்பு பங்குக்குக் காகிதச் சான்றிதழ் இருந்தது. வாங்கியவர் அதைப் பெட்டியில் பூட்டி வைப்பார். சான்றிதழ் தொலைந்தாலும், போலிச் சான்றிதழ் புழங்கினாலும், கைமாற்றப் பல நாள் ஆனாலும் சிக்கல்தான். ஆகவே 1991ஆம் ஆண்டில் மலேசியா மைய வைப்பகச் சட்டத்தை இயற்றியது. சான்றிதழ்கள் எல்லாம் மைய வைப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டு, பங்குகள் கணினிக் கணக்கில் வரவாக வைக்கப்படும் முறை 1990களில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்கைத்தான் நாம் சிடிஎஸ் கணக்கு என்கிறோம். சிங்கப்பூரிலும் இதே பணியைச் செய்யும் மைய வைப்பகம் உண்டு; அதனை சிடிபி என்பர்.

காகிதம் இருந்த காலத்தில் பங்கைக் கையில் பிடித்துக் காட்டலாம். இன்றோ பங்கு என்பது கணினியில் ஒரு பெயருக்கு நேரே உள்ள ஓர் எண், அவ்வளவே. அதனால் அந்தப் பெயரின் முக்கியத்துவம் முன்பைவிடப் பன்மடங்கு பெருகிவிட்டது.

பெயர் வேறு, உரிமை வேறு

சட்டம் இரண்டு வகை உரிமையாளரை அறியும். ஒருவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர். மற்றவர் அந்தப் பங்கின் பலனை உண்மையிலேயே அனுபவிப்பவர். இரண்டாமவரை உண்மை உரிமையாளர் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். பெரும்பாலும் இருவரும் ஒருவரே. சில வேளைகளில் வேறாவதும் உண்டு. வெளிநாட்டு முதலீட்டாளருக்காக ஒரு வங்கியின் துணை நிறுவனம் பங்கை வைத்திருக்கலாம். தரகு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனுக்கு ஈடாகப் பங்கைத் தன் துணை நிறுவனத்தின் பெயரில் வைத்திருக்கலாம். இவ்வாறு பிறருக்காகப் பெயர் கொடுப்பவர் நியமனதாரர் எனப்படுவார்.

நியமனதாரர் முறை தன்னளவில் குற்றமன்று. ஆனால், மலேசியாவின் மைய வைப்பகச் சட்டம் ஓர் எல்லையை வகுத்திருக்கிறது. சிடிஎஸ் கணக்கு உண்மை உரிமையாளரின் பெயரில் இருக்க வேண்டும். இல்லையேல் அங்கீகாரம் பெற்ற நியமனதாரரின் பெயரில் இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. அங்கீகாரம் பெற்ற நியமனதாரர் என்பது அதற்கென அனுமதி பெற்று, யாருக்காகப் பங்கை வைத்திருக்கிறோம் என்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட நிறுவனம். என் தங்கை அப்படிப்பட்ட நிறுவனமா? இல்லை. அவள் பெயரில் அங்கிள் பங்கு வாங்கினால் அது பாட்டி சொன்ன பினாமிதான்.

இந்த எல்லை ஏன் தேவைப்பட்டது? அதை அறிய, நம் இரு நாடுகளையும் உலுக்கிய ஒரு வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒரு சந்தை இரண்டான கதை

மலேசியாவும் சிங்கப்பூரும் 1965ஆம் ஆண்டில் பிரிந்த பிறகும் அவற்றின் பங்குச் சந்தை ஒன்றாகவே இயங்கி வந்தது. 1973ஆம் ஆண்டில் இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லும் ஏற்பாடு முடிவுக்கு வந்ததும் சந்தையும் பிரிந்தது. கோலாலம்பூர் பங்குச் சந்தை, சிங்கப்பூர் பங்குச் சந்தை என இரண்டாயின. ஆனால் நிறுவனங்கள் பிரியவில்லை. மலேசிய நிறுவனங்கள் பல சிங்கப்பூரிலும், சிங்கப்பூர் நிறுவனங்கள் பல கோலாலம்பூரிலும் பட்டியலில் நீடித்தன. வீட்டைப் பாகம் பிரித்த பிறகும் ஒரே கிணற்றில் நீர் இறைத்த அண்ணன் தம்பி போன்ற நிலை எனலாம்.

ஒரே கிணறு என்பதன் ஆபத்து 1985இல் தெரிந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த பான்-எலெக்ட்ரிக் என்ற நிறுவனம் கடனில் மூழ்கியது. பங்குகளைப் பிற்பாடு வாங்கிக்கொள்வதாகச் செய்யப்பட்ட முன்னொப்பந்தங்களில் தரகர்கள் பலர் சிக்கியிருந்தனர். அந்த ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் இரு நாட்டுப் பங்குச் சந்தைகளும் மூன்று நாள்களுக்கு மூடப்பட்டன.

பின்னர், 1989ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசிய அரசு ஓர் அறிவிப்பைச் செய்தது. மலேசிய நிறுவனங்கள் யாவும் சிங்கப்பூர்ப் பட்டியலிலிருந்து விலக வேண்டும் என்பதே அது. 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தப் பிரிவு முழுமை பெற்றது. மலேசியப் பங்குகளை வைத்திருந்த சிங்கப்பூரர்களுக்கு இப்போது சொந்த ஊரில் சந்தை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கச் சிங்கப்பூர் பங்குச் சந்தை 1990 ஜனவரியில் ஒரு புதிய வழியைத் திறந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து கிளோப் என்று அழைத்தனர். பட்டியலில் இல்லாத வெளிநாட்டுப் பங்குகளை, முக்கியமாக மலேசியப் பங்குகளை, அங்கே வாங்கி விற்கலாம்.

இந்த வழியில் வாங்கப்பட்ட பங்குகள் மலேசியாவில் யார் பெயரில் இருந்தன? வாங்கியவர் பெயரில் அல்ல. சிங்கப்பூரின் மைய வைப்பகம் எல்லாருக்கும் நியமனதாரராக இருந்தது. மலேசிய வைப்பகத்தின் கணினியில் தெரிந்தது அந்த நிறுவனத்தின் பெயர் மட்டுமே. அதன் பின்னால் இருந்த ஆயிரமாயிரம் பேரின் பெயர்கள் சிங்கப்பூரில் உள்ள இன்னொரு கணினியில் இருந்தன. எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக இது தங்கு தடையின்றி நடந்தது. வாங்கினார்கள், விற்றார்கள், ஈவு பெற்றார்கள். யாரும் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பெயர் கேட்கப்பட்ட நாள்

1997ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது. ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 2.50 ரிங்கிட்டாக இருந்த நாணய மதிப்பு, 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளிகளைத் தொட்ட கோலாலம்பூர் பங்குச் சந்தையின் கூட்டுக் குறியீடு, 1998 செப்டம்பர் முதல் நாள் 262 புள்ளிகளுக்கு இறங்கியது. ஐந்தில் நான்கு பங்கு கரைந்துவிட்டது என்றால் எத்தனைக் குடும்பங்களின் சேமிப்பு போயிருக்கும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் மலேசியா கடும் நடவடிக்கைகளை எடுத்தது. 1998 செப்டம்பர் 1ஆம் நாள் மூலதனக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் ரிங்கிட்டின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. இவற்றுக்கு முந்தைய நாளான ஆகஸ்டு 31ஆம் நாள், கோலாலம்பூர் பங்குச் சந்தை ஒரு விதியை அறிவித்திருந்தது. தன் பட்டியலில் உள்ள பங்குகளைத் தன் வழியாகவோ தான் அங்கீகரித்த சந்தை வழியாகவோ மட்டுமே வாங்கி விற்க வேண்டும் என்பதே அவ்விதி. கிளோப் அப்படி அங்கீகரிக்கப்பட்ட சந்தை அன்று. அதோடு, நியமனக் கணக்குகள் உண்மை உரிமையாளரின் பெயரை வெளியிட வேண்டும், ஒரு கணக்கு ஓர் உண்மை உரிமையாளருக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்றும் சட்டம் இறுக்கப்பட்டது.

கிளோப் முடங்கியது. 112 மலேசிய நிறுவனங்களின் பங்குகளை வைத்திருந்த ஏறக்குறைய 172,000 முதலீட்டாளர்கள் சிக்கிக்கொண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிங்கப்பூரர்கள். பங்குகளின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களால் விற்க முடியவில்லை. மகளின் திருமணத்துக்கு, மகனின் படிப்புக்கு, சொந்த ஓய்வுக்காலத்துக்கு என்று போட்ட பணம் எதுவாயினும் அது அப்படியே நின்றுவிட்டது.

இரு தரப்பு நியாயம்

இதில் யார் பக்கம் நியாயம் என்று விரிவுரை வகுப்பில் எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. மலேசியத் தரப்பின் வாதம் இதுதான்: ஒரு நாட்டின் நிறுவனங்களுடைய பங்குகள் அந்நாட்டுச் சட்டம் எட்டாத ஓர் இடத்தில் கைமாறினால், நெருக்கடி நேரத்தில் ஊக வாணிகத்தையும், கையில் இல்லாத பங்கை விற்கும் வழக்கத்தையும் யார் தடுப்பது? யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்றே தெரியாவிட்டால் ஒழுங்குமுறை எப்படிச் சாத்தியம்? 1990இலேயே தன் நிறுவனங்களை அங்கிருந்து விலக்கிக்கொண்ட நாடு, அதே பங்குகள் பின்வாசல் வழியாக விற்கப்படுவதை ஏற்க வேண்டுமா?

முதலீட்டாளர்களின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவர்கள் தம் நாட்டில் வெளிப்படையாக இயங்கிய சந்தையில், உரிமம் பெற்ற தரகர்களிடம், முழுப்பணம் கொடுத்து வாங்கினார்கள். எதையும் மறைக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் மலேசிய அதிகாரிகளும் அதைத் தடுக்கவில்லை. விதியை மாற்றுவது அரசின் உரிமை என்றாலும், ஒரே இரவில் மாற்றினால் அதற்கு முன் நல்லெண்ணத்தில் வாங்கியவர் கதி என்ன?

இரு நாட்டு உறவிலும் கசப்பை ஏற்படுத்திய இந்தச் சிக்கலுக்கு 2000ஆம் ஆண்டில்தான் தீர்வு பிறந்தது. முதலீட்டாளர்களின் பங்குகள் அவரவர் பெயரிலான கணக்குகளுக்கு மாற்றப்பட்டன. அதற்குக் கட்டணமும் விதிக்கப்பட்டது. எல்லாப் பங்குகளும் ஒரே நாளில் சந்தையில் கொட்டப்பட்டால் விலை சரியும் என்பதால், அவை கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த முதலீட்டாளர்களின் பங்கை யாரும் திருடவில்லை. அது அவர்களுடையது அன்று என்று எவரும் வாதாடவும் இல்லை. இருந்தும் அவர்களால் விற்க முடியவில்லை. உரிமை அவர்களிடம் இருந்தது. பெயர் பதிவேட்டில் இல்லை. அந்த இடைவெளிக்கு அவர்கள் கொடுத்த விலை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்தவர்கள்

கிளோப் முதலீட்டாளர்கள் ஒளிந்தவர்கள் அல்லர். சந்தை காட்டிய வழியில் சென்றவர்கள். வேண்டுமென்றே பிறர் பெயருக்குப் பின்னால் ஒளிபவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு, சிங்கப்பூரிலேயே மற்றொரு சம்பவம் சான்றாகிறது.

2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் புளூமோண்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்டு என்னும் மூன்று நிறுவனங்களின் பங்குகள் திடீரெனச் சரிந்தன. சில நாள்களுக்குள் ஏறக்குறைய 800 கோடி சிங்கப்பூர் வெள்ளி சந்தை மதிப்பு மறைந்துபோனது. அதற்கு முந்தைய ஓராண்டுக்கும் மேலாக அப்பங்குகள் ஏறிக்கொண்டே இருந்தன. எப்படி ஏறின? 60 தனிநபர்கள், நிறுவனங்கள் ஆகியோரின் பெயர்களில் இருந்த 189 வணிகக் கணக்குகள் ஒரு சிலரின் கட்டுப்பாட்டில் இயக்கப்பட்டன என்பது வழக்கில் வெளிப்பட்டது. இதற்கு மூளையாக இருந்ததாகக் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்ட இருவருக்கு, 2022 டிசம்பரில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் முறையே 36 ஆண்டுகளும் 20 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்வளவு பெயர்கள் எதற்கு? ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். என்னிடம் ஒரு நிறுவனத்தின் 100,000 பங்குகள் உள்ளன. விலை 50 காசு. என் பெயரில் விற்று என் பெயரிலேயே வாங்கினால் தரகருக்கே தெரிந்துவிடும். ஆகவே தம்பி பெயரில் விற்று, மாமா பெயரில் 52 காசுக்கு வாங்குகிறேன். மறுநாள் மாமா பெயரில் விற்று, பக்கத்து வீட்டு அண்ணன் பெயரில் 55 காசுக்கு வாங்குகிறேன். பங்கு கைமாறவே இல்லை. என் வலக்கையிலிருந்து இடக்கைக்குத்தான் போனது. ஆனால் சந்தைத் திரையைப் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? “இந்தப் பங்குக்கு நல்ல கிராக்கி, விலை ஏறுகிறது” என்றுதான் தெரியும். நம்பி அவர் 60 காசுக்கு வாங்குவார். அப்போது நான் விற்றுவிட்டு நழுவிவிடுவேன். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

மலேசியாவில் 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை மற்றும் சேவைகள் சட்டம் இத்தகைய போலி வணிகத்தை 175ஆவது பிரிவில் குற்றமாக்குகிறது. உண்மை உரிமையாளர் மாறாமலே பங்கு கைமாறியதாகக் காட்டுவது அதில் அடங்கும். உள்தகவலைப் பயன்படுத்திப் பங்கு வாங்குவது 188ஆவது பிரிவில் வருகிறது. அதற்குப் பத்தாண்டு வரை சிறையும், பத்து லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமும் உண்டு. இக்குற்றங்களைச் செய்வோர் பெரும்பாலும் தம் சொந்தப் பெயரில் செய்யத் துணிவதில்லை. 1993இல் தொடங்கப்பட்ட பங்குப் பத்திர ஆணையத்தின் புலனாய்வில், கணக்கின் பெயரைத் தாண்டி அதை இயக்கிய கையைக் கண்டுபிடிப்பதே கடினமான பணி என்றால் அது மிகையாகாது.

ஒன்பது பெயர்களின் கணக்கு

விலையை ஏற்றுவதற்கு மட்டுமல்ல, நிறுவனத்தையே வளைத்துப் போடுவதற்கும் பிறர் பெயர் பயன்படும். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் ஒருவர் 5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வாக்குரிமைப் பங்கு வைத்திருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்பது மலேசியச் சட்டம். 33 விழுக்காட்டைத் தாண்டினால், ஏனைய பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்க முன்வர வேண்டும். சிங்கப்பூரில் இந்த வரம்பு 30 விழுக்காடு. ஒருவர் சத்தமில்லாமல் நிறுவனத்தைக் கைப்பற்றி, சிறு பங்குதாரர்களை நட்டாற்றில் விடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது.

இப்போது ஒருவர் ஒன்பது பேரின் பெயர்களில் தலா 4 விழுக்காடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பெயரும் 5 விழுக்காட்டைத் தொடவில்லை. எனவே எந்த அறிவிப்பும் இல்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் 36 விழுக்காடு! சட்டம் போட்ட இரண்டு வேலிகளையும் அவர் தாண்டிவிட்டார். வெளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதனால்தான் உண்மை உரிமையாளர் யார் என்ற கேள்வியை உலக நாடுகள் இன்று விடாமல் கேட்கின்றன. மலேசியாவிலும் 2024 ஏப்ரல் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த நிறுவனச் சட்டத் திருத்தம், நிறுவனங்களின் பின்னால் இருக்கும் உண்மை உரிமையாளர்களின் விவரங்களைத் தெரிவிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்துள்ளது.

நம் கைத்தொலைபேசியில் உள்ள பங்கு

“இதெல்லாம் கோடீஸ்வரர் கதை, மாணவர்களாகிய நமக்கென்ன?” என்று நீங்கள் கேட்கலாம். இன்று கைத்தொலைபேசிச் செயலி மூலம் நூறு ரிங்கிட்டுக்கும் பங்கு வாங்க முடிகிறது. என் வகுப்புத் தோழர் பலர் வாங்குகிறார்கள். அவர்களிடம் ஒரு நாள், “நீங்கள் வாங்கிய பங்கு யார் பெயரில் இருக்கிறது?” என்று கேட்டேன். பலருக்குத் தெரியவில்லை.

சில செயலிகளில் பங்கு நேரடியாக நம் பெயரிலான கணக்குக்கு வரும். வேறு சிலவற்றில், குறிப்பாக வெளிநாட்டுப் பங்குகளை வாங்கும்போது, அது தரகு நிறுவனத்தின் நியமனக் கணக்கில் இருக்கும். இரண்டாவது வகை சட்டத்துக்குட்பட்டதே; கட்டணமும் குறைவாக இருக்கலாம். ஆனால் விளைவு வேறு. ஈவுத்தொகை முதலில் நியமனதாரருக்குச் சென்று பிறகே நமக்கு வரும். பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க வேண்டுமானால் நியமனதாரர் வழியாகவே செல்ல வேண்டும். அந்த நிறுவனம் நொடித்துப்போனால், அதன் பதிவேடுகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தனவோ அவ்வளவு விரைவில்தான் நம் பங்கு நம்மிடம் வந்து சேரும். கணக்குத் திறக்கும் முன் இதைக் கேட்டுத் தெளிவது நம் கடமை. ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

தங்கைக்குச் சொன்ன பதில்

இனி என் தங்கையின் கேள்விக்கு வருவோம். புதிதாகப் பட்டியலிடப்படும் நிறுவனம் பொதுமக்களுக்கென ஒதுக்கும் பங்குகள் குறைவு. விண்ணப்பிப்போர் அதிகம் என்றால் குலுக்கல்தான். பத்துப் பெயர்களில் விண்ணப்பித்தால் பத்து முறை வாய்ப்பு. அங்கிள் அவள் பெயரைக் கேட்டதன் இரகசியம் இதுவே. அவர் கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு வாய்ப்பும், நேர்மையாக ஒரே விண்ணப்பம் போட்ட யாரோ ஒருவரிடமிருந்து பறித்தது.

புராஸ்பெக்டஸ் எனப்படும் பங்கு வெளியீட்டு ஏடு ஒன்றைக் கணினியில் திறந்து அவளிடம் காட்டினேன். விண்ணப்ப விதிகள் உள்ள பகுதியில் அந்த எச்சரிக்கை இருந்தது. தன் பெயரில் பல விண்ணப்பங்கள் போட்டாலும், பிறர் பெயரில் போட்டாலும் அது மூலதனச் சந்தைச் சட்டத்தின் 179ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். பெயருக்குரியவர் சம்மதித்திருந்தாலும் குற்றமே. தண்டனை பத்து லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமும், பத்தாண்டு வரை சிறையும். “சம்மதிச்சாலுமா?” என்று அவள் இரண்டு முறை கேட்டாள்.

மேலும் சொன்னேன்: “கணக்கு உன் பேர்ல. நாளைக்கு அந்தக் கணக்குல அவரு வேற ஏதாச்சும் செஞ்சா, கடன் வந்தா, தரகரும் ஆணையமும் முதல்ல தேடி வர்றது உன்னைத்தான். கணக்குத் திறக்கும்போது உண்மை உரிமையாளர் நான்தான்னு கையெழுத்துப் போடுறது நீ. 200 ரிங்கிட்டுக்கு நீ விக்கிறது கையெழுத்தை.”

சட்டம் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிக்கல் சட்டத்தில் இல்லை, வீட்டில் இருந்தது. சித்தப்பா வேலை இழந்து நின்ற காலத்தில் மூன்று மாத வீட்டு வாடகையைக் கொடுத்து உதவியவர் அந்த அங்கிள். “அவரு கேட்டு எப்படிம்மா இல்லேங்கிறது?” என்று சித்தி என்னிடமே கேட்டார். அதற்கு என் பாடநூல்களில் பதில் இல்லை. பாட்டிதான் சொன்னார்: “வாங்கின காசைத் திருப்பிக் கொடுங்க. பேரைக் கொடுக்காதீங்க.”

தங்கை அங்கிளிடம் மரியாதையாக மறுத்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை, “சின்னப் பிள்ளை பயப்படுது” என்று சிரித்தாராம். ஆனால் அதன் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. சித்திக்கு இன்னும் அந்தச் சங்கடம் தீரவில்லை. வாடகைப் பணத்தை மாதந்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பித் தரத் தொடங்கியிருக்கிறார்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர்கள். வங்கிக் கணக்கு, சிடிஎஸ் கணக்கு, நிறுவன இயக்குநர் பதவி என்று நம் பெயரைக் கேட்டு வருவோர் இனி அதிகமாவார்கள். கேட்பவர் பெரும்பாலும் அந்நியராக இருக்க மாட்டார். நமக்கு நன்மை செய்தவராகவே இருப்பார். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். பணம் யாருடையது? பெயர் யாருடையது? இரண்டும் ஒன்றில்லை என்றால், அதைச் சட்டத்தின் முன் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்விக்கு முடியாது என்பது விடையானால், நன்றிக்கடனை வேறு வழியில் தீர்ப்போம். வீட்டில் இதைப் பேசும்போது ஆங்கிலச் சொல்லைத் தேடித் தடுமாறவும் வேண்டாம். பாட்டிக்குத் தெரிந்த சொல்லே போதும்.